ஏழாவது கை

என்னிடம் வருகிறவர்கள் எல்லாரும் ஒரே பதிலை எதிர்பார்த்துத்தான் வருவார்கள். கையெழுத்துப் போட்ட பழைய விளையாட்டுக் கார்டு ஒன்றை மேசையில் வைத்துவிட்டு, "ஒரிஜினல்தானே மேடம்?" என்று பல்லைக் காட்டுவார்கள். பெங்களூரிலிருந்து வருகிறவர்கள் அதையே கன்னடத்தில் கேட்பார்கள். முக்கால்வாசிப் பேரை முகம் சுண்டும்படிதான் திருப்பி அனுப்புகிறேன். அந்தச் சனிக்கிழமை காலையில் வந்த பெண்தான் முதன்முதலாக வேறு மாதிரி கேட்டாள்.

"இது போலின்னு எழுதிக் குடுங்கக்கா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உட்காரச் சொல்லி ஒரு டீ சொன்னேன்.

என் பெயர் மெஹ்னாஸ். ஓசூர் பாகலூர் ரோட்டில் எங்கள் அத்தா பஷீர் அஹமது வைத்த பழைய பேப்பர் கடையை இப்போது நான் நடத்துகிறேன். முன்பக்கம் தராசு, பின்பக்கம் என் மேசை. மேசையில் ஒரு லென்ஸ், ஒரு விளக்கு, 'அசல்' என்று வெட்டிய ஒரு ரப்பர் முத்திரை. கிரிக்கெட்டோ ஹாக்கியோ வாலிபாலோ, கார்டில் இருக்கிற கையெழுத்தை அந்த ஆட்டக்காரர்தான் போட்டாரா என்று பார்த்துச் சொல்வது என் தொழில். நான் முத்திரை குத்திய கார்டு ஒன்றுகூட இன்று வரை திரும்பி வந்தது கிடையாது. இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே இல்லை.

நான் முதலில் பார்ப்பது வேகத்தை. தன் கையெழுத்தை யாரும் யோசித்துப் போடுவதில்லை, பேனா தானாக ஓடும். போலி போடுகிறவன் படம் வரைவதுபோல வரைவான். நடுவில் நிற்பான், கை நடுங்கும், நின்ற இடத்தில் மை திட்டுத் திட்டாக இறங்கும். அப்படி நடுங்கி, நின்று நின்று போட்ட கையெழுத்து எதுவும் என் மேசையைத் தாண்டிப் போனதில்லை.

அந்தப் பெண் கொண்டுவந்த கார்டைக் கையில் எடுக்காமலேயே அடையாளம் தெரிந்தது. சூரியமுகி டார்ச் கம்பெனியின் வாலிபால் கார்டு. முப்பது வருடங்களுக்கு முன்னால் சிப்காட்டில் ஓஹோவென்று ஓடிய கம்பெனி. அவர்களுடைய டீம் ஒரு வருடம் மாநிலக் கோப்பையை வாங்கியது. அந்தச் சந்தோஷத்தில், டார்ச் லைட் பாக்கெட்டுக்குள் ஆளுக்கொரு ஆட்டக்காரர் படம் போட்ட கார்டை, கையெழுத்தும் வாங்கி வைத்து விற்றார்கள். ஆறு ஆட்டக்காரர், ஆறு கார்டு. கம்பெனி மூடிப் பல வருடம் ஆகியும் கார்டுகளுக்கு மட்டும் மவுசு குறையவில்லை. எல்லாவற்றையும்விட கேப்டன் ரத்தினவேல் கார்டுக்குத்தான் கிராக்கி.

இவள் வைத்ததும் ரத்தினவேல் கார்டுதான். ஆனால் ரத்தினவேல் கார்டுக்கு நான் முத்திரை குத்துவதே இல்லை. ஊர் முழுக்க அது தெரியும். ரத்தினவேலுக்கும் தெரியும், அதனால் என்மேல் அவருக்கு ஏகக் கடுப்பு.

காரணம், அந்தக் கையெழுத்தின் அடியில் இருக்கிற கோடு. ரத்தினவேல் பெயரை எழுதிவிட்டு அடியில் ஒரு கோடு இழுத்திருக்கும். பேனா ஓடி முடிகிற பக்கம் கோடு மெலிந்து வால் மாதிரி ஆகும். சில கார்டுகளில் வால் வலப்பக்கம் இருந்தது, சிலவற்றில் இடப்பக்கம். எழுதிப் பழகிய ஒருத்தர் இப்படி மாற்றி மாற்றி இழுக்க மாட்டார். இரண்டு வகையுமே நல்ல வேகமான கையெழுத்து, இரண்டுமே பழைய மை. எது அவருடையது, இன்னொன்று யாருடையது என்று தெரியாமல் முத்திரையைத் தொடுவதில்லை என்று இருந்தேன்.

"எம் பேரு சுப்ரியாக்கா" என்றாள் அந்தப் பெண். "போச்சம்பள்ளில கம்பெனி வேலை. எங்கப்பா பேரு செல்வம். இந்த டீம்ல அவரும் ஆடுனாரு."

"ஆறு பேர்ல செல்வம்னு யாரும் இல்லியேம்மா."

"அதாங்க்கா பிரச்சனையே. எங்கப்பா ரிலீவர்."

ஓசூரில் இந்த வார்த்தைக்கு அர்த்தம் சொல்லத் தேவையில்லை. கம்பெனி லைனில் ஒருத்தர் டீ குடிக்கவோ பாத்ரூமுக்கோ எழுந்து போனால், அவர் இடத்தில் நின்று அதே வேலையைச் செய்கிறவர் ரிலீவர். அவர் இல்லாவிட்டால் லைன் நின்றுவிடும். செல்வம் லைனிலும் ரிலீவர், டீமிலும் ரிலீவர். யாருக்குக் கால் பிசகினாலும், யார் மூச்சு வாங்கினாலும் இறங்கி ஆடுவார். பைனலில்கூட பாதி ஆட்டம் அவர்தான் ஆடினாராம்.

"சிப்காட் பக்கத்துல புதுசா வாலிபால் ஹால் கட்டியிருக்காங்க இல்ல, நாளைக்குத் திறப்பு விழா" என்றாள் சுப்ரியா. "கோப்பை வாங்குன டீம் பேரைக் கல்லுல வெட்டியிருக்காங்க. ஆறு பேருதான். எங்கப்பா பேரு இல்ல. நான் போயி கேட்டேன். ரத்தினவேல் சார்தான் அங்க தலைவரு. 'செல்வமா? அவன் தண்ணி கேன் தூக்கினு வந்தவன். போட்டோல இல்ல, கார்டுல இல்ல, எப்பிடிம்மா ஆட்டக்காரன்?'னு எல்லார் முன்னாடியும் கேட்டாரு."

"டீம்ல மத்தவங்க என்ன சொல்றாங்க?"

"ரெண்டு பேரு தவறிட்டாங்க. மீதிப் பேரு எங்கெங்கியோ இருக்காங்க. போன் பண்ணா, 'ரத்தினவேல் சொன்னா சரியாத்தான் இருக்கும்'ன்றாங்க."

"உங்கப்பா?"

"ரிலீவர்னா லைன் நிக்காம பாத்துக்கணும், பேரு கேக்கக் கூடாதுன்றாரு." அவள் டீ கிளாஸைக் கீழே வைத்தாள். "ஆனா அந்தக் கல்லைப் பாத்துட்டு வந்ததுலேர்ந்து டி.வி.ல வாலிபால் வந்தா எழுந்து வெளிய போயிடறாருக்கா. சின்ன வயசுலேர்ந்து எனக்கு அந்த பைனல் கதையச் சொல்லித்தான் சோறு ஊட்டுனாரு. இப்ப நானே அதை நம்பலியோன்னு நெனைக்கறாரு போல. அதுதான் எனக்குத் தாங்கல."

எனக்கும் தாங்கவில்லை. ஆனால் தொழில் வேறு. "இந்தக் கார்டு போலின்னு சொன்னா அதுல உங்கப்பாவுக்கு என்ன வந்துச்சு?" என்றேன்.

"இந்தக் கையெழுத்து எங்கப்பா போட்டதுக்கா."

கேண்டீனில் நீளமாக மேசை போட்டு, லைன் மாதிரியே கார்டுகளைத் தள்ளிக்கொண்டு வந்தார்களாம். ஆறு பேரும் வரிசையாக உட்கார்ந்து, தன் கார்டு வரும்போது கையெழுத்துப் போட்டுத் தள்ள வேண்டும். கடைசியில் இருக்கிற ஆள் எடுத்து பாக்கெட்டில் வைத்து ஒட்ட வேண்டும். யாராவது டீக்கு எழுந்தால் செல்வம் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து, எழுந்து போனவர் கையெழுத்தைப் போட்டுத் தள்ளுவாராம். லைன் நிற்கக் கூடாதில்லையா!

நான் தலையில் அடித்துக்கொண்டேன். உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரனுக்காவது இந்தப் புத்தி வருமா? கையெழுத்துக்குப் போய் ரிலீவர் வைத்திருக்கிறார்கள்! ஏமாற்ற வேண்டும் என்று ஒருத்தரும் நினைத்திருக்க மாட்டார்கள். வேலை நிற்கக் கூடாது என்பது இவர்கள் ரத்தத்தில் ஊறிப்போனது, அவ்வளவுதான்.

ஒன்றே ஒன்றுதான் கேட்க வேண்டியிருந்தது. "உங்கப்பா எந்தக் கையால எழுதுவாரு?"

"லெஃப்ட்டுக்கா. கம்பெனில பீச்சாங்கை செல்வம்னுதான் கூப்புடுவாங்களாம்."

லென்ஸை எடுத்து அந்தக் கார்டைப் பார்த்தேன். கோட்டின் வால் இடப்பக்கம் இருந்தது. வலப்பக்கம் பேனாவை வைத்து இடப்பக்கமாக இழுத்த கோடு. பெயரின் எழுத்துகள்மேல் லேசாக மை ஈஷியிருந்தது. இடது கையால் எழுதுகிறவர்களுக்கு, எழுதிக்கொண்டே போகும்போது கை ஈர மையின்மேல் உரசும், வழுவழுப்பான கார்டில் அது அப்படியே தெரியும். இத்தனை வருடம் என்னைக் குடைந்த கோட்டுக்கு டீ ஆறுவதற்குள் விடை கிடைத்துவிட்டது.

"எழுந்திரு" என்றேன். "எழுதிக் குடுத்தா ஓரமா வெச்சுடுவாங்க. நேர்லயே போவலாம்."

லென்ஸையும் முத்திரையையும் பையில் போட்டுக்கொண்டு, பீரோவைத் திறந்து என்னிடம் இருந்த ரத்தினவேல் கார்டுகளை எடுத்தேன். அதில் ஒன்று, இன்னும் பிரிக்காத டார்ச் பாக்கெட். கண்ணாடித் தாள் வழியாக உள்ளே கார்டும் கையெழுத்தும் பளிச்சென்று தெரியும். நாலு பேர் விலைக்குக் கேட்டும் நான் தராமல் வைத்திருந்த பொக்கிஷம் அது. தராசைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி என் வீட்டுக்காரர் ஆமிரைக் கடையில் உட்கார வைத்துவிட்டு, ஸ்கூட்டரில் சுப்ரியாவை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

ஹாலில் பெயின்ட் வாசனை. வாசல் சுவரில் கறுப்பு கிரானைட் கல்லைச் சாய்த்து வைத்திருந்தார்கள். தங்க நிறத்தில் ஆறு பெயர். அடியில் இன்னொரு பெயர் தாராளமாகப் பிடிக்கிற அளவுக்கு வெற்றிடம். அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் இன்னும் ஏறியது.

ரத்தினவேல் வெள்ளை ட்ராக் சூட்டில், கை கட்டிக்கொண்டு, விழாவுக்கு நாற்காலி போடுகிறவர்களை அதட்டிக்கொண்டிருந்தார். ஆறடி உயரம், இன்னும் தொப்பை விழவில்லை. என்னைப் பார்த்ததும், "வாம்மா, என் கையெழுத்தையே நம்பாத பொண்ணு நீதானே?" என்றார். என் பின்னால் நின்ற சுப்ரியாவைப் பார்த்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நான்தான் சார்" என்றேன். "இன்னிக்கு நம்பலாம்னு வந்திருக்கறேன்."

ஹால் செயலாளர் கௌதம் ஓடி வந்தான். சின்னப் பையன் மாதிரி இருப்பான், ஆனால் சிப்காட்டில் இன்ஜினீயர். ஃப்ரேம் மாட்ட வேண்டிய ஆறு கார்டுக்கும் முத்திரை கேட்டு ஒரு வாரமாக எனக்கு போன் போட்டுக்கொண்டிருந்தவன் அவன்தான். "மேடம், எல்லா கார்டும் ரெடி. நீங்க ஓகே சொன்னா மாட்டிடலாம்."

"சொல்லிடலாம். அதுக்கு முன்னாடி சார்கிட்ட ஒண்ணு கேக்கணும். சார், உங்க ஆறு பேர்ல லெஃப்ட் ஹேண்டு யாராச்சும் உண்டா?"

"எல்லாம் ரைட்டு. ஏன்?"

"சும்மாதான்." மேசையில் மூன்று கார்டுகளையும் பிரிக்காத பாக்கெட்டையும் வரிசையாக வைத்தேன். "இதுல எது உங்க கையெழுத்துன்னு நீங்களே கைய வெச்சுக் காட்டுங்க சார். அதுக்கு முத்திரை போட்டுட்டுப் போறேன்."

அவர் குனியக்கூட இல்லை. நேராக பாக்கெட்டின்மேல் விரலை வைத்தார். "இது. கம்பெனில ஒட்டுன ஒட்டே இன்னும் பிரியலை. வெளி ஆளு கை பட்டிருக்கவே முடியாது. கையெழுத்தப் பாரு, எவ்ளோ ஸ்டைலு! இதை வேற எவன் போடுவான்?"

"நிச்சயமா?"

"என் கையெழுத்து எனக்குத் தெரியாதா?"

"அப்ப நீங்களே பிரிங்க."

கௌதம், "ஐயோ மேடம்" என்று கையை நீட்டினான். நான் அவனை முறைத்தேன். ரத்தினவேல் கண்ணாடித் தாளைக் கிழித்து, கார்டை எடுத்து, சந்தோஷமாக ஒருமுறை பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை. ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் தள்ளி, "பக்கத்துல வெச்சுப் பாக்க, இப்ப ஒண்ணு போடுங்க" என்றேன். போட்டார். பெயர், அடியில் சர்ரென்று ஒரு கோடு.

லென்ஸைக் கௌதமிடம் கொடுத்தேன். "ரெண்டு கோட்டையும் பாரு. மெல்லிசா வால் மாதிரி முடியற எடம் எந்தப் பக்கம் இருக்குது?"

கௌதம் தாளைப் பார்த்தான். "வலது பக்கம்." கார்டைப் பார்த்தான். இன்னொரு முறை பார்த்தான். "இதுல இடது பக்கம் போவுது மேடம். எழுத்துமேல வேற மை ஈஷியிருக்குது."

"லெஃப்ட் ஹேண்டுக்காரர் போட்டது. சார் சொன்ன மாதிரி வெளி ஆளு கை இதுல படல. கம்பெனிக்குள்ள, அந்த மேசையில ஒக்காந்து போட்டது. நீங்க ஆறு பேரும் ரைட்டு. அப்ப அந்த மேசையில ஏழாவதா ஒரு கை இருந்துருக்குதில்ல?" என்றேன். பிறகு ஃப்ரேம் போட வைத்திருந்த மற்ற கார்டுகளையும் ஒவ்வொன்றாக லென்ஸின் கீழ் தள்ளினேன். மேலும் இரண்டு ஆட்டக்காரர் பெயரில் அதே ஈஷல், அதே கை.

நாற்காலி போடுகிறவர்கள்கூட நின்றுவிட்டார்கள்.

என் வாய் சும்மா இருக்குமா? "தண்ணி கேன் தூக்கினு வந்தவனுக்கு, கேப்டன் ஸ்டூல்ல ஒக்காந்து கேப்டன் கையெழுத்துப் போட யாரு சார் எடம் குடுத்தது?"

ரத்தினவேல் கார்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த உயரமான மனிதர் பக்கத்தில் இருந்த நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

"நான்தாம்மா" என்றார். "ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துலயே டீக்கு எழுந்து போனேன். வந்து பாத்தா, என் பேரை என்னைவிட அழகாப் போட்டு வெச்சிருந்தான். அடியில கோடு இழுக்கறது எனக்கு அதுக்கு முன்னாடி கெடையாது. அவனைப் பாத்துத்தான் நானே பழகுனேன்."

சுப்ரியா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அவன் டீம்ல இருந்தான்னு சொன்னா, கார்டு மேட்டரும் வெளிய வந்துரும்னு பயந்துட்டேன்" என்றார் அவர். "என் கையெழுத்துன்னு பத்திரமா வெச்சிருக்கறவன் எல்லாம் என்ன நெனைப்பான்? எனக்கு வேற என்னம்மா இருக்குது, அந்த ஒரு கோப்பையும் அந்தப் பேரும்தான்."

"அதுதான் சார் அவருக்கும் இருக்குது" என்றேன். கோபத்தில் கத்த நினைத்தேன், மெதுவாகத்தான் வந்தது. "அதையும் புடுங்கிட்டீங்களே."

அவர் சுப்ரியாவிடம் கையை நீட்டி, "உங்கப்பா நம்பரைப் போட்டுக் குடு தாயி" என்றார். போனைக் காதில் வைத்துக்கொண்டு நெடுநேரம் தொண்டையைக் கனைத்தார். "டேய் பீச்சாங்கை... ரத்தினவேலுடா. ஹாலுக்கு வா. வாடான்னா வா."

செல்வம் பக்கத்து அப்பார்ட்மென்டில் செக்யூரிட்டி. நீலச் சட்டையும் தொப்பியுமாக டி.வி.எஸ்ஸில் வந்து இறங்கினார். ஒல்லியான மனிதர். மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என்ன வம்போ என்று தயங்கி நின்றார். பிறகு ரத்தினவேலிடம், "லைன் ஏதாச்சும் நின்னு போச்சா கேப்டன்?" என்றார்.

"நின்னுதாண்டா போச்சு" என்று ரத்தினவேல் எழுந்து போய் அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "மன்னிச்சுக்கடா."

செல்வம் கையை உதறவும் இல்லை, பரவாயில்லை என்று சொல்லவும் இல்லை. "பைனல்ல பாதி ஆட்டம் நான் ஆடுனேனா இல்லியா? அதை மட்டும் என் பொண்ணுகிட்ட சொல்லு கேப்டன்" என்றார்.

ரத்தினவேல் சுப்ரியா பக்கம் திரும்பினார். "கடைசிப் பாயின்ட்டே உங்கப்பன் லெஃப்ட்ல அடிச்சதும்மா." அப்போதுதான் செல்வம் தொப்பியைக் கழற்றினார்.

கௌதம் கல் வெட்டுகிறவருக்கு போன் போட்டு, மிஷினோடு உடனே வரச் சொன்னான். ரத்தினவேல் பெயரில் செல்வம் போட்ட கார்டை இனி எப்படி மாட்டுவது என்று என்னைக் கேட்டான்.

"அப்பிடியே மாட்டு. 'கேப்டனுக்காக ரிலீவர் செல்வம் போட்டது'ன்னு நான் எழுதித் தர்றேன். அப்படி எழுதுனா அது அசல்தான். முத்திரையும் குத்தறேன்." ரத்தினவேல் தலையாட்டினார். "அப்புறம், ஏழாவது ஃப்ரேம் ஒண்ணு வேணும்" என்றேன்.

கௌதம் வெள்ளை அட்டையைக் கார்டு அளவுக்கு வெட்டிக் கொண்டுவந்தான். செல்வம் மேசையில் உட்கார்ந்து இடது கையில் பேனாவை எடுத்தார். எனக்குக் காட்டுவதற்காக, பக்கத்தில் கிடந்த தாளில் ரத்தினவேல் கையெழுத்தைக் கண் இமைக்கிற நேரத்தில் போட்டார். மற்ற ஐந்து பேருடையதையும் போட்டார். பேனா பறந்தது. தாளைத் தள்ளிவிட்டு வெள்ளை அட்டையை இழுத்தவர், பேனாவை அப்படியே நிறுத்திவிட்டார்.

"என் பேரா போடணும்?"

"பின்ன யார் பேரு?" என்றாள் சுப்ரியா.

"என் பேருல எப்பிடிம்மா போடறது? யாரும் கேட்டதில்லியே."

அவர் அட்டைமேல் குனிந்து, பள்ளிக்கூடத்தில் எழுதுகிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். நின்றார், யோசித்தார், மறுபடி எழுதினார். கை நடுங்கியது. நின்ற இடமெல்லாம் மை திட்டாக இறங்கியது. என் மேசைக்கு இப்படி ஒரு கையெழுத்தை யார் கொண்டுவந்திருந்தாலும், லென்ஸைக்கூடத் தொடாமல் போலி என்று தள்ளியிருப்பேன்.

"செல்வம்" என்று எழுதி முடித்து நிமிர்ந்தார்.

"கோடு இழுக்கலியாப்பா?"

மகளைப் பார்த்தார். பேனாவை வலது ஓரத்தில் வைத்து, இடப்பக்கமாக ஒரே இழுப்பு இழுத்தார். அந்தக் கோடு மட்டும் நடுங்கவில்லை.

நான் முத்திரையை எடுத்து, மை ஈரம் காய்வதற்கு முன்பே, 'அசல்' என்று அழுத்திக் குத்தினேன்.